புரட்சி முடிந்ததும் ஒரு தட்டு

எனக்குக் கை நடுங்காது. சின்ன வயதில் என்னைப் பிடித்த சனியன் அதுதான்.

2004-இல் கடலூரில் ஒன்பதாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். ஆண்டு விழாவுக்கு யாரோ ஓர் அதிகாரி வருகிறார் என்று விளையாட்டு டீச்சர் வகுப்பு வகுப்பாக வந்து பெண்பிள்ளைகளைப் பொறுக்கினார். முதலில் நிறமாக இருக்கிறவர்களை எழுப்பினார். சந்தனத் தட்டு, கற்கண்டுத் தட்டு, பூச்செண்டு எல்லாம் அவர்களுக்கு. நான் நல்ல கறுப்பு. என்னை அவர் எழுப்பியிருக்கவே மாட்டார். ஆனால் ஒத்திகையில் ஒரு பிள்ளை பன்னீர் சொம்பைக் கீழே போட்டு அதன் கழுத்தைக் கோணலாக்கிவிட்டாள். "யாருக்குடி கை ஆடாது?" என்று டீச்சர் கேட்டதும் மொத்த வகுப்பும் என்னைக் காட்டியது. அறிவியல் ஆய்வகத்தில் சோதனைக் குழாயில் அமிலம் ஊற்றுவது நான்தான். அமிலம் ஊற்றிய கை பன்னீருக்கு வந்த கதை இது.

"சிரிச்ச மாதிரி மூஞ்ச வெச்சிக்க. ஆனா பல்லு தெரியக் கூடாது" என்றார் டீச்சர்.

அன்றிலிருந்து எந்த விழா என்றாலும் என் கையில் அந்தச் சொம்பு. எங்கள் பக்கத்தில் விழா என்றால் என்ன முறை என்று உங்களுக்கே தெரியும். வாசலில் பட்டுப் பாவாடையோ பட்டுப் புடவையோ கட்டிய பெண்கள் இரண்டு வரிசையாக நிற்பார்கள். வருகிறவர் மேல் பன்னீர் தெளிக்க வேண்டும். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, தெளித்தவள் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போவார். மேடையில் ஒருவர் பெயரைச் சொன்னதும் ஒரு பெண் தட்டில் பொன்னாடையை ஏந்தி வருவாள். போர்த்துகிறவர் ஆண், போர்த்திக்கொள்கிறவரும் பெரும்பாலும் ஆண். வெறும் தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கமாக இறங்கிப் போகிறவள் மட்டும் பெண். பெண் விடுதலை பற்றிப் பேச வந்த ஒருவருக்கும் நான்தான் பன்னீர் தெளித்தேன். அவர் பேசியதைக் கேட்க முடியவில்லை. வாசலில் அடுத்த காருக்காக நின்றுகொண்டிருந்தேன். வீட்டில் காபித் தட்டோடு நிற்கிற சடங்கைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப் போவதில்லை. அதைப் பற்றி ஊரே எழுதித் தள்ளிவிட்டது.

அந்த வருஷக் கடைசி ஞாயிற்றுக்கிழமை கடல் ஊருக்குள் வந்தது. எங்கள் வீடு செம்மண்டலத்தில். தண்ணீர் அவ்வளவு தூரம் வரவில்லை, செய்திதான் வந்தது. அப்பா வேலைக்காக குறிஞ்சிப்பாடியில் இருந்தார். அம்மா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைத்துக்கொண்டிருந்தார். இரண்டு நாள் கழித்து, மீனவர் குடும்பங்களை ஒரு கல்யாண மண்டபத்தில் தங்கவைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு காய் நறுக்கப் போனவர், அன்று சாயங்காலம் திரும்பி வந்ததும் பீரோவைத் திறந்து பழைய நூல் புடவைகளையெல்லாம் வெளியே இழுத்துப் போட்டார். லாரி லாரியாக அரிசி வந்ததாம், ரொட்டி வந்ததாம், வேட்டி சட்டை, போர்வை எல்லாம் வந்ததாம். மண்டபம் முழுக்கப் பெண்கள் இருக்க, மாதத்துக்கு வேண்டிய துணி ஒன்றுகூட வரவில்லையாம். மூட்டை கட்டியவர்கள் ஆண்கள். அவர்களுக்கு அது தோன்றவே இல்லை.

அம்மா புடவைகளைக் கிழித்து ஓரம் அடித்தார். நான் மடித்தேன். அரிசிச் சாக்கில் கட்டித் தூக்கிக்கொண்டு போனோம். வாசலில் ஒருவர் தடுத்து, "என்னாம்மா மூட்டைல?" என்று கேட்டார்.

"பொம்பளைங்களுக்கு வேண்டியது. உங்க லாரில வராதது" என்றார் அம்மா. அந்த மனிதர் விலகி வழிவிட்டார்.

உள்ளே உட்கார்ந்து துணியைப் பிரித்து மடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தோம். அன்றைக்குப் பார்த்து யாரோ பெரிய மனிதர் பார்வையிட வருகிறாராம். மண்டபத்தைக் கவனித்துக்கொண்டிருந்தவர் ஒரு தட்டில் பொன்னாடையோடு வந்து என் முன்னால் நீட்டினார். "பாப்பா, இதப் புடிச்சிக்கிட்டு வாசல்ல நில்லு. ஐயா வராரு."

சுற்றிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்த இடத்திலும் ஒரு பொன்னாடை. நான் பழக்க தோஷத்தில் கையை நீட்டிவிட்டேன். அம்மா நிமிர்ந்து பார்த்து, "அவ துணி மடிக்கிறா. உங்களுக்குக் கை இல்லியா?" என்றார்.

அவர் முகம் சுண்டிப்போனது. பெரிய மனிதர் வந்தபோது அவரேதான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். வானம் இடிந்து விழவில்லை. நான் துணி மடிப்பதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதெல்லாம் எதற்குச் சொல்கிறேன் என்றால், ஆறேழு வருஷம் கழித்து, உலகம் அழிந்தபிறகு என்ன நடக்கும் என்று சொல்கிற ஆங்கில நாவல்களில் நான் பைத்தியமாக விழுந்தேன். அவற்றைப் படிக்கும்போதெல்லாம் அந்தக் கல்யாண மண்டபம் என் முன்னால் வந்து நின்றது.

அப்போது சிதம்பரத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். தினமும் கடலூரிலிருந்து பஸ். குறிஞ்சிப்பாடியிலிருந்து வருகிற ஒருத்தி எனக்குத் தோழி. அவளுடைய அக்கா அண்ணாமலை நகரில் விடுதியில் தங்கிப் படித்தாள். அந்த விடுதியில் கைமாறிக் கைமாறி அட்டை போன புத்தகங்கள் கடைசியில் எங்களிடம் வரும். எல்லாம் பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகளுக்காக எழுதியவை. வருங்காலம். கொடுங்கோல் அரசு. ஊரைச் சுற்றிச் சுவர். பட்டினி. நடுவில் ஒரு பெண்.

அந்தப் பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்தது. அதுவரை நான் படித்த கதைகளில் பெண் அழுவாள், காத்திருப்பாள், பொறுத்துப்போவாள். இவள் ஓடினாள், சுவர் ஏறினாள், எவனாவது கையைப் பிடித்தால் மணிக்கட்டை முறித்தாள். பஸ்ஸில் படித்துக்கொண்டு வருவேன். பின்னாலிருந்து முழங்கையால் இடிக்கிறவனைத் திரும்பி ஒரு முறை முறைக்கிற தைரியம் எனக்கு அந்தப் புத்தகங்களால்தான் வந்தது. அதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் நாலைந்து படித்ததும் சில விஷயங்கள் உறுத்தத் தொடங்கின. எல்லாக் கதையிலும் அவளுக்கு இரண்டு பையன்கள் காத்திருந்தார்கள். "ஒருத்தன் சாது, ஒருத்தன் கோவக்காரன்" என்பாள் தோழி. "ஊரே பத்தி எரியுது. இவளுக்கு இதுல யார்னுதான் கவல."

எனக்கு வேறு கவலை. அந்தப் பெண் மாதக்கணக்கில் காட்டில் ஓடுகிறாள். ஒரு மாதம்கூட அவளுக்கு வயிற்றுவலி வரவில்லை. எங்கள் அம்மா ஓரம் அடித்த துணி அந்தக் காட்டுக்குத் தேவைப்படவே இல்லை. தைக்கிற பெண்களும் சமைக்கிற பெண்களும் அந்தக் கதைகளில் மக்குகளாக இருந்தார்கள். அம்மாக்கள் இரண்டாவது அத்தியாயத்திலேயே செத்துப்போனார்கள், இல்லையென்றால் மூலையில் உட்கார்ந்து அழுதார்கள். ஒரு பெண் வீராங்கனையாக வேண்டுமென்றால் மற்ற பெண்களைப்போல் இருக்கக் கூடாது என்று அந்தப் புத்தகங்கள் நைசாக எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தன. எனக்குக் கோபம் வந்தது. உலகம் கொஞ்சம் அழிந்ததை நான் கண்ணால் பார்த்தவள். அன்றைக்கு அந்த மண்டபம் நடந்தது தையல் மிஷினாலும் அரிவாள்மணையாலும்தான்.

2011 முடிகிற நேரத்தில் தானே புயல் எங்கள் ஊரைப் புரட்டிப் போட்டது. முந்திரி, பலா எல்லாம் வேரோடு சாய்ந்து கிடந்தன. கரண்ட் கம்பங்கள் முறிந்து தெருவில் கிடந்தன. எங்கள் தெருவுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. மோட்டார் ஓடாததால் தண்ணீரும் இல்லை. தெருமுனை அடிபம்பில் காலையிலிருந்து பெண்கள் குடத்தோடு வரிசையில் நின்றோம். ஆண்கள் பைக்கை எடுத்துக்கொண்டு எங்கெங்கே எவ்வளவு சேதம் என்று பார்த்துவிட்டு வந்து டீக்கடையில் விவரமாகப் பேசினார்கள். அடிபம்பு அடித்து என் உள்ளங்கை காய்த்துப்போனது.

கல்லூரி மூடியிருந்த அந்த நாட்களில், மதியம் தண்ணீர் வேலை முடிந்ததும் மாடிப்படியில் வெளிச்சம் விழுகிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து ஒரு நாவலைப் படித்தேன். அதில் ஒரு நகரம். அங்கே தண்ணீரை அரசு அளந்து அளந்துதான் விடும். எதிர்த்துப் பேசுகிற தெருவுக்குக் குழாயை மூடிவிடும். ஒரு பெண் அந்த ஊரின் பெரிய தண்ணீர்த் தொட்டிமேல் ஏறுகிறாள். காவலுக்கு இருப்பவர்களை அடித்துப்போட்டு எல்லாக் குழாய்களையும் திறந்துவிடுகிறாள். ஆட்சி கவிழ்கிறது. அடிபம்பில் காய்த்த கையோடு அதைப் படித்தவளுக்கு எப்படி இருந்திருக்கும்! எழுந்து நின்று விசில் அடிக்கலாம்போல் இருந்தது.

கடைசி அத்தியாயம் பதவியேற்பு விழா. புதிய தலைவன் அவள் காதலித்த கோபக்காரப் பையன். புது மந்திரிகள் நாற்காலிகளில் உட்கார்ந்திருக்கிறார்கள். தொட்டிமேல் ஏறியபோது குட்டையாக வெட்டிக்கொண்ட முடி அவளுக்கு இப்போது வளர்ந்திருக்கிறது. வெள்ளை உடையில் மெதுவாக நடந்து வருகிறாள். அவள் கையில் ஒரு தட்டு. தட்டில் நகரத்தின் சாவி. அவன் அதை எடுத்துக்கொள்கிறான். கூட்டம் ஆரவாரிக்கிறது. அவள் புன்னகையோடு இரண்டடி பின்னால் போய் நிற்கிறாள். முடிந்தது.

"அடிப்பாவி, தட்டு!" என்று வாய்விட்டே கத்திவிட்டேன். கீழே தைத்துக்கொண்டிருந்த அம்மா என்னவோ ஏதோவென்று ஓடிவந்தார்.

அந்தத் தட்டின் கனம் எனக்குத் தெரியும். அதை மார்புக்கு நேராகப் பிடிக்க வேண்டும். எடுத்துக்கொள்கிறவர் எடுத்துக்கொண்டதும் முதுகைக் காட்டாமல் பின்னால் போக வேண்டும். எங்கோ கடல் தாண்டி உட்கார்ந்து, வருங்காலத்தை எழுதுகிறேன் என்று எழுதியவருக்கும் கடைசியில் என்னுடைய விளையாட்டு டீச்சர்தான் கனவில் வந்திருக்கிறார். ஆட்சியைக் கவிழ்த்த பெண்ணை எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. தட்டைக் கொடுத்து ஓரமாக நிறுத்திவிட்டார்.

கல்லூரி திறந்ததும் எங்கள் துறையில் தேசியக் கருத்தரங்கம் என்று அறிவித்தார்கள். 'இலக்கியத்தில் வருங்காலம்' என்பது தலைப்பு. நான் கட்டுரை எழுத உட்கார்ந்தேன். மாடிப்படியில் கத்தியதையே ஆங்கிலத்தில் ஒழுங்காக எழுதினேன். அட்டை போன புத்தகங்களை மறுபடி வாங்கிக் கடைசி அத்தியாயங்களை மட்டும் பார்த்தேன். ஒன்றில் அவள் காயம்பட்டவனுக்குக் கஞ்சி ஊட்டுகிறாள். இன்னொன்றில் தோட்டம் போடுகிறாள். ஒன்றில்கூட அவள் நாற்காலியில் உட்காரவில்லை. சண்டை முடியும்வரை ஆண் வேலை, முடிந்ததும் பெண் வேலை. கட்டுரைக்கு 'புரட்சிக்குப் பின் தட்டேந்தும் பெண்' என்கிற அர்த்தத்தில் தலைப்பு வைத்தேன். பள்ளியிலிருந்து அதுவரை எத்தனையோ பேர் பேசப் போவதற்கு வாசலில் நின்றிருக்கிறேன். இந்த ஒரு தடவை நான் பேச வேண்டும். என் ஆசை அவ்வளவுதான்.

எங்கள் துறைத் தலைவர் கெட்டவர் இல்லை. கட்டுரையைப் படித்துவிட்டு, "ரொம்ப நல்லாருக்கும்மா. புதுசா இருக்கு. அஞ்சு நிமிஷத்துல முடிச்சிடு" என்று பாராட்டினார். மறுநாள் கமிட்டி பிரித்து ஒட்டினார்கள். மேடை, மைக், ஸ்டேஷனுக்குக் கார் அனுப்புவது, பெயர் பதிவது எல்லாம் பையன்கள். கோலம், குத்துவிளக்கு, டீ, வரவேற்பு எல்லாம் பெண்கள். வரவேற்பில் முதல் பெயர் என்னுடையது.

நேராக அவர் அறைக்குப் போனேன். "சார், நான் பேப்பர் படிக்கணும்."

"படியேன். யார் வேணாம்னா? காலைல பன்னீர், மத்தியானம் பேப்பர். உன்ன மாதிரி யாரும்மா நீட்டா நிப்பாங்க?" என்று சிரித்தார். புகழ்ச்சியை வைத்தே வாயை அடைத்துவிட்டார்.

வரவேற்புக்கு மாம்பழக் கலரில் பட்டுப் புடவை என்று முடிவு செய்திருந்தார்கள். அம்மா ஜாக்கெட் தைத்தார். போட்டுப் பார்த்தால் கொஞ்சம் தொளதொளவென்று இருந்தது. "அளவு தப்பாயிடுச்சும்மா" என்றேன்.

"தப்பல. படிக்கும்போது மூச்சு வுடணும் இல்ல, அதான் லூசா தச்சேன்" என்றார். அம்மா ஆங்கிலம் படித்ததில்லை. ஆனால் அந்தக் கட்டுரை என்ன சொல்கிறது என்று சாப்பிடும்போது என்னைச் சொல்லவைத்து, தட்டு வருகிற இடத்தில் வாய்விட்டுச் சிரித்திருந்தார்.

கருத்தரங்கு அன்று வழக்கம்போல் சீஃப் கெஸ்ட் வரவில்லை. வந்துகொண்டிருக்கிறார், புவனகிரி தாண்டிவிட்டார் என்று போன் மட்டும் வந்தது. வாசலில் நான் சொம்போடு நின்றேன். என் இரண்டு பக்கமும் முதலாம் ஆண்டுப் பெண்கள் இருவர், ஒருத்தி கையில் சந்தனம், இன்னொருத்தி கையில் கற்கண்டு. வெயில் ஏற ஏற, தலையில் வைத்த மல்லிகை வாடிப் பழுப்பேறியது. நேரம் போகிறதே என்று துறைத் தலைவர் ஒரு முடிவெடுத்தார். தொடக்க விழா பிறகு நடக்கட்டும், மாடியில் கட்டுரை வாசிப்பை ஆரம்பித்துவிடலாம் என்றார். மத்தியானத்துக்கு வைத்திருந்த கட்டுரைகளும் முன்னால் வந்தன. எல்லோரும் மாடிக்குப் போனார்கள், வரவேற்பில் நின்ற எங்கள் மூவரைத் தவிர.

"சார், அப்ப என் பேப்பர்?" என்றேன்.

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "ஒண்ணும் கவலப்படாத. கட்டுரை வாசிச்சதாவே போட்டு சர்டிபிகேட் குடுத்துடறேன். நீ படிச்சியா இல்லியான்னு யாரும்மா பாக்கப் போறாங்க?"

உண்மையாகவே உதவி செய்வதாக நினைத்துத்தான் சொன்னார். எங்கள் பக்கத்துக் கருத்தரங்குகளில் அது ஒன்றும் அதிசயமும் இல்லை. படிக்காமலே சர்டிபிகேட் வாங்கிக்கொண்டு சாப்பாட்டுக்கு முன்னால் பஸ் ஏறுகிறவர்கள் எத்தனையோ பேர். எனக்கு மட்டும் காதில் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது. எனக்கு சர்டிபிகேட் வேண்டாம். நான் சொல்வதை நாலு பேர் கேட்க வேண்டும். அது எப்படி அவருக்குப் புரியாமல் போனது?

கொஞ்ச நேரத்தில் தோழி மாடியிலிருந்து தடதடவென்று இறங்கி வந்தாள். அவளுக்கு மாடியில் டீ கொடுக்கிற வேலை. "உன் பேர கூப்புட்டாங்கடி. ஆள் இல்லன்னா அடுத்ததுக்குப் போயிடுவாங்களாம். ஓடியா!"

பெயர் பதிகிற மேசையில் எங்கள் வகுப்புப் பையன் ஒருவன் ஃபேனுக்கு நேராக உட்கார்ந்திருந்தான். கெட்டிக்காரன், நன்றாகப் பேசுவான். காலையில் முதல் கட்டுரை அவனுடையதுதான். நவீன நாவலில் பெண்ணின் குரல் என்று படித்துக் கைதட்டும் வாங்கிவிட்டு இறங்கி வந்திருந்தான். அவன் முன்னால் போய்ச் சொம்பை நீட்டினேன். "கொஞ்ச நேரம் இதப் புடி. நான் படிச்சிட்டு வந்துடறேன்."

"நானா?" என்று திருதிருவென்று விழித்தான். "ஏய், ஆம்பள பன்னீர் தெளிச்சா நல்லாவா இருக்கும்?"

"உனக்குக் கை இல்லியா?" என்றேன்.

வாயிலிருந்து வந்தது என் குரல்தான். ஆனால் அம்மா சொன்னதுபோலவே இருந்தது. அவன் சொம்பைப் பார்த்தான், கையைப் பார்த்தான், வாங்கவில்லை. அவனோடு நின்று பேச எனக்கு நேரமில்லை. புடவைக் கொசுவத்தை ஒரு கையில் தூக்கிக்கொண்டு, மறு கையில் சொம்போடு படியேறினேன்.

"அக்கா, நாங்க என்னா பண்றது?" என்று பின்னால் சந்தனத் தட்டுக்காரி கேட்டாள்.

"வாங்க" என்றேன். வேறு என்ன சொல்ல?

மாடி அறையில் அவைத் தலைவராக உட்கார்ந்திருந்தவர் வெளியூர்ப் பேராசிரியர். பாதித் தூக்கத்திலிருந்தார். மாம்பழக் கலர்ப் புடவையில் பன்னீர் சொம்போடு நுழைந்தவளைப் பார்த்து, "இங்க எதுக்கும்மா பன்னீர்?" என்றார். நான் சொம்பை மைக்குக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, இடுப்பில் செருகியிருந்த கட்டுரையை எடுத்தேன். வியர்வையில் ஓரம் நனைந்திருந்தது.

படிக்க ஆரம்பித்தேன். முதல் பக்கத்தை மூச்சு விடாமல் ஓட்டினேன். பிறகு சரியாகிவிட்டது. ஜாக்கெட் லூசாக இருந்தது நல்லதாகப் போயிற்று. தண்ணீர்த் தொட்டிமேல் அவள் ஏறுகிற இடத்தில் அறை அமைதியானது. தட்டு வருகிற இடத்துக்கு நான் வரவும் கீழே கார் ஹாரன் கேட்கவும் சரியாக இருந்தது. சீஃப் கெஸ்ட் வந்துவிட்டார். நாற்காலிகள் கிரீச்சிட்டன. முன்வரிசை எழுந்தது, நடுவரிசை எழுந்தது, அறையே காலியாகத் தொடங்கியது. நான் நிறுத்தவில்லை. குரலைக் கொஞ்சம் உயர்த்தினேன்.

துறைத் தலைவர் வாசலில் மூச்சிரைக்க வந்து நின்றார். "ஏம்மா, அவரு வந்துட்டாரு, பன்னீர் எங்க?"

சொம்பு என் முழங்கைக்குப் பக்கத்தில் பளபளவென்று இருந்தது. எத்தனை வருஷப் பழக்கம்! கை தானாக அதை நோக்கிப் போகப் பார்த்தது. நான் காகிதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"இன்னும் ரெண்டு பக்கம் இருக்கு சார்."

"அட, அப்புறம் படிக்கலாம்மா!"

"இல்ல சார். முடிச்சிடறேன்."

அவர் அவைத் தலைவரைப் பார்த்தார். இவர் தடுப்பார் என்று எனக்கு நிச்சயம். அந்த மனிதர் எப்போது விழித்துக்கொண்டாரோ தெரியாது, நேரம் முடிந்தால் அடிக்கிற மணியைத் தூக்கி மேசைக்கு அடியில் வைத்துவிட்டு, "முடிக்கட்டும் சார், நல்ல எடத்துல இருக்குது" என்றார்.

கீழே இரண்டாவது ஹாரன். துறைத் தலைவர் விறுவிறுவென்று உள்ளே வந்து, சொம்பைத் தூக்கிக்கொண்டு ஓடினார். ஜன்னலோரம் நின்ற தோழி கீழே எட்டிப் பார்த்தாள். "ஐயோ, அவரேதான்டி தெளிக்கிறாரு" என்று கிசுகிசுத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. படித்தேன்.

கடைசி வரியைப் படித்து முடித்தபோது அறையில் இருந்தவர்கள் அவைத் தலைவர், தோழி, கடைசி பெஞ்சில் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்த இரண்டு முதலாண்டுப் பெண்கள். அவ்வளவுதான். அவைத் தலைவர் முறைப்படி, "கேள்வி இருந்தா கேக்கலாம்" என்றார்.

கற்கண்டுத் தட்டு வைத்திருந்தவள் கையைத் தூக்கினாள். எழுந்து நிற்கத் தட்டு இடைஞ்சலாக இருந்தது. "அக்கா, அந்தக் கதைல அந்தப் பொண்ணு தட்டக் கீழ வெச்சிட்டு அங்க இருந்த நாக்காலில ஒக்காந்திருந்தா என்னா ஆயிருக்கும்?"

"தெரியல" என்றேன். "அந்தப் புத்தகத்துல யாரும் வெச்சிப் பாக்கல."

அவள் தட்டை பெஞ்சுமேல் வைத்தாள். சந்தனத் தட்டுக்காரியும் பார்த்துவிட்டு வைத்தாள். கீழே மைக்கில் வரவேற்புரை தொடங்கிவிட்டது. தட்டுக்கு யாரும் ஆள் அனுப்பவில்லை. அவைத் தலைவர் முதல் கற்கண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். பிறகு நாங்களும் எடுத்துக்கொண்டோம். விருந்தாளிகளுக்காக வைத்த கற்கண்டை நான் தின்றது அன்றுதான் முதல் தடவை.

வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டது ஒன்றே ஒன்று. "முழுசா படிச்சியா?"

"முழுசா."

"சரி, ஜாக்கெட்ட கழட்டிக் குடு. புடிச்சித் தர்றேன்" என்றார். வேண்டாம், இப்படியே இருக்கட்டும் என்றேன்.

சில நாள் கழித்து சர்டிபிகேட் வாங்கிக்கொள்ளக் கூப்பிட்டார்கள். துறைத் தலைவர் என் முகத்தைப் பார்க்காமல் ஒன்றை எடுத்து நீட்டினார். என் பெயர் அழகான எழுத்தில் இருந்தது. கட்டுரையைப் பற்றி ஒரு வரி இல்லை. வரவேற்புக் குழுவில் சிறப்பாகப் பணியாற்றியதற்காக என்று இருந்தது.

கோபத்தில் என் காது சூடாகிவிட்டது. படிக்காமல் இருந்திருந்தால் படித்ததாகக் கொடுத்திருப்பார். படித்ததற்கு இது. அழுதுவிடுவேனோ என்று பயந்தேன். அழவில்லை. அந்தத் தாளை அவர் மேசைமேல், அவர் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

"சார், அன்னைக்கிப் பன்னீர் தெளிச்சது நீங்க. இது உங்களோடது" என்றேன்.

அவர் பேனாவை மூடினார், திறந்தார். கடலூர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நான் கிளம்பிவிட்டேன். முதுகைக் காட்டித்தான் நடந்து வந்தேன்.